ஆயிரம் கணினிகளில் ஒரு கோப்பு

பல கணினிகளை இணைத்துத் தரவைச் சேமித்து அலசும் மென்பொருள் ஹடூப். 1 ஜிபி அளவுள்ள ஒரு கோப்பை அதில் ஏற்ற ‘புட்’ என்ற ஒரே ஒரு கட்டளை போதும். பிறகு ‘எல்எஸ்’ என்று அடித்தால், நம் மடிக்கணினியில் தெரிவதுபோலவே பெயரும் அளவும் ஒரு வரியில் வந்து நிற்கும். ஆனால் முழுக் கோப்பாக அது எந்த வட்டிலும் கிடையாது! வழக்கமான அமைப்பில், 128 எம்பி வீதம் 8 துண்டுகளாக நறுக்கி, துண்டுக்கு 3 பிரதி எடுத்து, மொத்தம் 24 பிரதிகளைப் பல கணினிகளில் பரப்பி வைத்திருக்கும்.

எந்தத் துண்டு எங்கே என்ற பேரேட்டை ‘நேம்நோட்’ என்னும் கணினி தன் நினைவகத்திலேயே வைத்திருக்கிறது. துண்டுகளைச் சுமப்பவை ‘டேட்டாநோட்’கள். இவை 3 விநாடிக்கு ஒருமுறை ‘உயிரோடு இருக்கிறேன்’ என்று நேம்நோடுக்குச் சேதி அனுப்பும். சுமார் பத்தரை நிமிடம் சத்தமே இல்லையென்றால் அந்தக் கணினி போய்விட்டதாகக் கணக்கு. உடனே அதிலிருந்த துண்டுகளுக்கு, மிச்சமுள்ள பிரதிகளிலிருந்து புதுப் பிரதிகள் வேறு கணினிகளில் எழுதப்படும். நள்ளிரவில் யாரையும் எழுப்ப வேண்டியதில்லை. கணினிகளை அடுக்கி வைத்திருக்கும் ஒரு ரேக் முழுவதும் மின்சாரம் இழந்தாலும் தரவு தப்பிக்க, பிரதிகளை ஒரே ரேக்கில் அடுக்காமல் இரண்டு ரேக்குகளில் பிரித்து வைப்பார்கள். ஆயிரம் கணினிகள் இருக்கும் இடத்தில் ஏதாவது ஒன்று பழுதாகிக்கொண்டேதான் இருக்கும். அதை விபத்தாகப் பார்க்காமல் அன்றாடமாக ஏற்றுக்கொண்டு கட்டியதுதான் என்னை மிகவும் கவர்ந்தது.

தரவை அலசும் முறையும் அழகானது. பெரிய தரவை ஓரிடத்துக்கு இழுத்து வருவதற்குப் பதில், சின்ன நிரலைத் தரவு இருக்கும் கணினிகளுக்கே அனுப்புகிறார்கள். ‘மழை’ என்ற சொல் எத்தனை முறை வருகிறது? தன்னிடமுள்ள துண்டில் ஒரு கணினி 40 என்று எண்ணும், இன்னொன்று 17 என்னும். இது ‘மேப்’. எல்லா ‘மழை’ எண்ணிக்கையும் ஓரிடம் சேர்ந்து கூட்டப்படுவது ‘ரெட்யூஸ்’.

கூகுள் 2003-லும் 2004-லும் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரைகளிலிருந்து பிறந்த யோசனை இது. டக் கட்டிங்கும் மைக் கஃபரெல்லாவும் அதைத் திறமூல மென்பொருளாக்கினார்கள். கட்டிங்கின் மகன் தன் மஞ்சள் பொம்மை யானைக்கு வைத்த பெயர்தான் ஹடூப். 2008-ல் யாகூவின் 910 கணினிகள் சேர்ந்து 1 டெராபைட் தரவை 209 விநாடிகளில் வரிசைப்படுத்தின.

கல்லூரி ஆய்வகத்தில் பழைய கணினிகள் நாலைந்து சும்மா கிடந்தால், மாணவர்களே, அவற்றை இணைத்து ஹடூப்பை நிறுவுங்கள். கோப்பை ஏற்றியபின் டேட்டாநோட் ஒன்றின் மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு, அதே கோப்பைத் திரும்பப் படித்துப் பாருங்கள். ஓர் எழுத்துக்கூடக் குறையாமல் வரும்.