நடந்தா கால் மரத்துப்போகுது, உட்கார்ந்தா சரியாயிடுது... ஆபரேஷன், மாத்திரை இல்லாமல் சமாளிக்க முடியுமா?

"கோயில் தெருமுனைலதான் இருக்கு. ஆனா, போறதுக்குள்ள மூணு இடத்துல உட்கார்ந்து எழுந்திருக்க வேண்டியிருக்கு."

வீட்டுப் பெரியவர்கள் இப்படிச் சொன்னால், 'வயசாயிடுச்சுல்ல' என்று கடந்துவிடுகிறோம். நின்றாலோ நடந்தாலோ கால்களில் வலி, மரத்துப்போதல், கனம்... உட்கார்ந்து லேசாகக் குனிந்தால் சில நிமிடங்களில் நிம்மதி. இது 'லம்பார் ஸ்பைனல் ஸ்டெனோசிஸ்' பிரச்னையாக இருக்கலாம். இடுப்புப் பகுதி முதுகெலும்புக்குள் நரம்புகள் செல்லும் பாதை குறுகிவிடுவதைத்தான் இப்படிச் சொல்கிறார்கள்.

குனிந்தால் ஏன் வலி குறைகிறது?

வயதாக ஆக டிஸ்க் தேய்ந்து பிதுங்கும். மூட்டுகளும் தசைநார்களும் தடிக்கும். எல்லாம் சேர்ந்து நரம்புக்கான இடத்தைப் பிடித்துக்கொள்ளும். நிமிர்ந்து நின்றால் அந்த இடம் இன்னும் சுருங்கும், குனிந்தால் கொஞ்சம் விரியும். அதனால்தான் சூப்பர் மார்க்கெட்டில் டிராலி மேல் சாய்ந்தபடி நன்றாக நடப்பவர், வெறுங்கையோடு தெருவில் நடக்கத் திணறுவார்.

காலுக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பு இருந்தாலும் நடக்கும்போது வலிக்கும். ஆனால், அந்த வலி சும்மா நின்றாலே குறையும். எனவே, முதலில் டாக்டரிடம் காட்டி எது என்று உறுதிசெய்துகொள்ளுங்கள்.

என்ன செய்யலாம்?

* மல்லாந்து படுத்து, ஒவ்வொரு முழங்காலாக மார்பை நோக்கி மெதுவாக இழுத்து, சில விநாடிகள் பிடித்து விடலாம்.
* வயிறு, இடுப்புத் தசைகளை வலுவாக்கும் பயிற்சிகளை பிசியோதெரபிஸ்ட்டிடம் கற்றுக்கொள்ளலாம்.
* வீட்டில் எக்சர்சைஸ் சைக்கிள் இருந்தால் நல்லது. முன்னால் சாய்ந்து மிதிக்கும்போது பலருக்கு வலி வருவதில்லை.
* வலி அதிகமாகும் முன்பே உட்கார்ந்து, குனிந்து ஓய்வெடுத்து, மறுபடி நடக்கலாம். சக்கரம் வைத்த வாக்கரும் உதவும்.
* புஜங்காசனம் மாதிரி முதுகைப் பின்னால் வளைக்கும் பயிற்சிகள் வலியைக் கூட்டலாம். பக்கத்து வீட்டுக்காரருக்கு டிஸ்க் வலிக்குச் சொன்ன பயிற்சியை அப்படியே செய்ய வேண்டாம்.

எலும்புத் தேய்மானம் உள்ளவர்கள் குனியும் பயிற்சிகளைக் கேட்டுவிட்டே செய்ய வேண்டும்.

ஆய்வு என்ன சொல்கிறது?

அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் 60 வயதைத் தாண்டிய 259 பேரிடம் நடந்த ஆய்வு 2019-ல் வெளியானது. மருந்து, ஊசி சிகிச்சை ஒரு குழுவுக்கு. குழு உடற்பயிற்சி இன்னொன்றுக்கு. கைகளால் செய்யும் சிகிச்சையோடு தனிப்பட்ட பயிற்சி மூன்றாவதற்கு. 2 மாதத்தில் மூன்றாவது குழுவே அதிகம் தேறியிருந்தது. 6 மாதத்தில் மூன்றுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஏற்கெனவே பிரஷருக்கும் சுகருக்கும் கைநிறைய மாத்திரை போடுபவர்களுக்கு, மருந்தில்லாத வழியும் அதே அளவு பலன் தருகிறது என்பதே பெரிய ஆறுதல். ஒன்று நிச்சயம், பயிற்சி குறுகிய பாதையை அகலமாக்காது. நடக்கும் தூரத்தைக் கூட்டும்.

எப்போது தாமதிக்கக் கூடாது?

சிறுநீர், மலம் கட்டுப்பாட்டில் இல்லாமல் போவது, தொடை இடுக்கில் உணர்ச்சி குறைவது, கால் திடீரென பலவீனமாவது... இதில் ஏதாவது ஒன்று இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அப்போது அறுவைசிகிச்சை அவசியமாகலாம்.

மற்றபடி, "நீங்க வெளியே போகவே வேணாம்"னு பெரியவங்களைத் தடுக்காதீங்க. நடை நின்றால் தசையும் தளரும், மனசும் தளரும். ஒருநாள் கூடவே கோயில் வரை நடந்து, வழியில் எங்கெங்கே உட்காரலாம்னு பார்த்து வையுங்க. இந்த வாரம் மூணு இடத்துல உட்கார்ந்தவங்க, அடுத்த மாசம் ரெண்டு இடத்துல உட்கார்ந்தா, அதுதான் முன்னேற்றம்!