கத்னாவும் மருத்துவமும்

கத்னா என்றவுடன் சமயக் கடமையே நம் நினைவிற்கு வரும். சமயச் சார்பின்றிப் பச்சிளங் குழந்தைகட்கு அதனைச் செய்யும் வழக்கமோ, ஆங்கிலம் பேசும் நாடுகளிற் பிறந்தது. கால் முடங்கிய 5 வயதுச் சிறுவன் இதனால் நலமுற்றான் என 1870-இல் நியூயார்க் மருத்துவர் லூயிஸ் சேயர் அறிவித்தார். பின்னர் வலிப்புக்கும் இதுவே மருந்தென்றனர்! அக்கருத்துகள் பொய்த்தன, வழக்கம் நிலைத்தது, காரணந்தான் மாறிற்று. பிறப்பில் ஒட்டியிருக்கும் நுனித்தோல் வளர வளரத் தானே பிரியும் என்றும், இங்கிலாந்திலும் வேல்சிலும் ஆண்டுதோறும் ஏறத்தாழ 16 குழந்தைகள் இதனால் இறந்தனர் என்றும் டக்ளஸ் கெய்ர்ட்னர் 1949-இல் எழுதினார். பிரிட்டனில் வழக்கம் அருகியது, அமெரிக்காவில் தொடர்ந்தது. 2007-இல் உலக நலவாழ்வு நிறுவனம் எச்.ஐ.வி. தடுப்புக்கு இதனைப் பரிந்துரைத்ததும் ஆப்பிரிக்க ஆடவரிடம், குழந்தைகளிடமன்று, நிகழ்ந்த ஆய்வுகளைக் கொண்டே. இப்ராஹீம் நபி (அலை) அவர்களின் வழிமுறையைப் பேணும் நமக்கு இத்தகைய முட்டுக்கொடுப்புகள் வேண்டா. குடும்பத்தில் குருதியுறையாக் குறைபாடு உண்டாயின், அதனை மட்டும் மருத்துவரிடம் முன்னரே கூறிவிடல் வேண்டும்.