காப்பிக் கடையே கல்லூரி!

கொல்லிமலை ஏற 70 கொண்டை ஊசி வளைவுகள்! மேலே வாசலூர்பட்டி. அங்கே படகுத்துறை இருக்கிறது. மலையில் மிளகும் காப்பியும் விளைகின்றன.

காப்பிக்கும் படிப்புக்கும் பழைய உறவு உண்டு. 17-ம் நூற்றாண்டில் லண்டன் காப்பிக் கடையில் ஒரு பென்னி கொடுத்தால் போதும். காப்பி குடித்தபடி பத்திரிகை படிக்கலாம். அறிஞர்களின் பேச்சைக் கேட்கலாம். "பென்னி பல்கலைக்கழகம்" என்றே அவற்றுக்குப் பெயர்!

2011-ல் தமிழக அரசு மாணவர்களுக்கு இலவச மடிக்கணினி வழங்கத் தொடங்கியது. ஏழை வீட்டுக்கும் கணினி வந்தது. ஆனால், உட்கார்ந்து படிக்க இடம்?

மலையிலிருந்து பட்டணம் போகும் பிள்ளைக்கு, நாலு பேர் தங்கும் அறையில் அது கிடைப்பது அரிது. காப்பிக் கடை மேஜைதான் படிப்பறை!

ஒரு காப்பிக்கு நாள் முழுவதும் நாற்காலியைப் பிடிக்கலாமா? கூடாது. கூட்டம் வந்தால் இடம் விடவேண்டும். கடைக்காரருக்கும் பிழைப்பு உண்டு அல்லவா?