செத்த தசையா? தூங்கும் தசையா? மாரடைப்புக்குப் பின் உண்மை சொல்லும் "அணு ஊசி"!

காஞ்சீபுரம்.

"அணு ஊசியா? அய்யோ, வேணாம் டாக்டர்! கல்பாக்கம் சமாசாரத்தை எல்லாம் உடம்புக்குள்ளே ஏத்தலாமா?"

மாரடைப்பில் பிழைத்து எழுந்தவரிடம் "இதயத்துக்கு ஒரு நியூக்ளியர் ஸ்கேன் எடுக்கணும்" என்றால் இப்படித்தான் பயம் வரும். அணு என்றால் காஞ்சீபுரத்துக்காரர்களுக்கு கல்பாக்கம்தான் ஞாபகம். 1983-ல் ஓடத் தொடங்கிய அந்த மின்நிலையம், 2019-ல் செங்கல்பட்டு தனி மாவட்டம் ஆகும் வரை காஞ்சீபுரம் மாவட்டத்தில்தான் இருந்தது.

ஆனால் பயந்துபோய் ஸ்கேனை ஒதுக்கிவிட்டால் நஷ்டம் யாருக்கு? அதன் விவரம் வருமாறு:-

தறி மிதிக்கலாமா?

பிள்ளையார்பாளையத்தில் 50 வயது பட்டு நெசவாளி ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். மாரடைப்பு வந்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். உயிர் பிழைத்தார். வீட்டுக்கு வந்தபிறகு பத்துப் படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. குழித்தறியில் முகூர்த்தச் சேலை பாதியில் நிற்கிறது.

"இவர் மறுபடி தறி மிதிக்கலாமா டாக்டர்?" என்று மனைவி கேட்கிறார்.

எக்கோ எடுத்துப் பார்த்தார்கள். இதயத்தின் ஒரு பக்கம் அசையவே இல்லை. அந்தத் தசை செத்துவிட்டதா? அல்லது ரத்தம் போதாமல் தூங்குகிறதா? இதுதான் லட்ச ரூபாய் கேள்வி.

வெயிலில் வாடிய பயிருக்குத் தண்ணீர் விட்டால் தலை தூக்கும். கருகிய பயிருக்கு எத்தனை குடம் ஊற்றினாலும் பிரயோஜனம் இல்லை. இதயமும் அப்படித்தான். தூங்கும் தசைக்கு மறுபடி ரத்தம் பாய்ந்தால் அது எழுந்து வேலை செய்யக்கூடும். தழும்பாகிப் போன தசை எழாது.

இந்தத் "தூங்கும் இதயம்" பற்றி 1980-களில் உலகத்துக்கு விளக்கிச் சொன்னவர், பம்பாயில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய டாக்டர் ஷாபுதீன் ரஹிம்தூலா.

வாய்க்காலும் வயலும்

"ஆஞ்சியோகிராம்தான் எடுத்தாச்சே, இது வேறு எதற்கு?" என்று கேட்கலாம். ஏரிகள் நிறைந்த மாவட்டத்துக்காரர்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். ஆஞ்சியோகிராம் வாய்க்காலைக் காட்டும். எங்கே அடைப்பு என்று சொல்லும். அணு ஸ்கேன் வயலைக் காட்டும். தண்ணீர் எங்கே பாய்கிறது, எங்கே பாயவில்லை என்று சொல்லும்.

கையில் உள்ள ரத்தக்குழாயில் மிகச் சிறிய அளவு கதிர்வீச்சு மருந்தை ஊசி மூலம் ஏற்றுகிறார்கள். அது ரத்தத்தோடு போய் இதயத் தசையில் ஒட்டிக்கொள்கிறது. ரத்தம் நன்றாகப் பாயும் இடத்தில் நிறைய சேரும். பாயாத இடத்தில் சேராது. மருந்தில் இருந்து வரும் காமா கதிர்களை, மார்பைச் சுற்றி வரும் ஒரு காமிரா படம் பிடிக்கிறது.

படம் இரண்டு முறை. ஒன்று, நோயாளி ஓய்வாக இருக்கும்போது ஊசி போட்டு எடுப்பது. இன்னொன்று, டிரெட்மில்லில் நடக்க வைத்து இதயம் வேகமாக அடிக்கும்போது ஊசி போட்டு எடுப்பது. நடக்க முடியாதவர்களுக்கு மருந்து கொடுத்தே இதயத்துக்கு அந்த நிலையை உண்டாக்குவார்கள்.

நடக்கும்போது இருட்டு, ஓய்வில் வெளிச்சம் என்றால் தசை உயிரோடு இருக்கிறது, ரத்தம்தான் போதவில்லை. இரண்டிலும் இருட்டு என்றால் தழும்பாக இருக்கலாம். அங்கேயும் சந்தேகம் இருந்தால் "பெட்" ஸ்கேன் இருக்கிறது. அதில் சர்க்கரை போன்ற ஒரு மருந்தை ஏற்றுவார்கள். உயிருள்ள தசை அதை உறிஞ்சும். செத்த தசை சீண்டாது!

தினமும் "பால் கறக்கிறார்கள்"!

ஜனங்கள் இதை இன்னமும் "தாலியம் ஸ்கேன்" என்றே சொல்கிறார்கள். 1970-களில் தாலியம்-201 வந்ததால் ஒட்டிக்கொண்ட பெயர். இப்போது பெரும்பாலும் டெக்னீசியம்-99எம் என்ற மருந்தைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

இதை வாங்கி அலமாரியில் வைக்க முடியாது. 6 மணி நேரத்தில் பாதி கரைந்துவிடும். அதனால் ஈயக் கவசப் பெட்டிக்குள் மாலிப்டினம் என்ற "தாய்" பொருளை வைத்து, உப்புநீரை உள்ளே செலுத்தி, தேவைக்கு ஏற்ப டெக்னீசியத்தைப் பிரித்து எடுக்கிறார்கள். "பால் கறப்பது" என்றே இதற்குச் செல்லப்பெயர்! மத்திய அணுசக்தித் துறையின் "பிரிட்" வாரியம் இந்தப் பெட்டிகளை ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்புகிறது.

இதனால்தான் எல்லா ஊரிலும் இந்த வசதி கிடையாது. வேலூர் சி.எம்.சி., சென்னையின் பெரிய ஆஸ்பத்திரிகள் என்று அணு மருத்துவப் பிரிவு உள்ள இடத்துக்குத்தான் போகவேண்டும்.

ஒரு டம்ளர் காபியால் வந்த வினை!

விடியற்காலை பஸ் ஏறும் முன் ஒரு டம்ளர் காபி குடித்தால் போச்சு! மருந்து கொடுத்துச் செய்யும் சோதனையில் அந்த மருந்தைக் காபி முறித்துவிடும். டீ, சாக்லெட், கோலா பானங்களும் அப்படியே. குறைந்தது 12 மணி நேரம், சில இடங்களில் 24 மணி நேரம் இவற்றைத் தொடக்கூடாது என்பார்கள். மீறினால் சோதனையைத் தள்ளிவைத்து விடுவார்கள். ஒருநாள் கூலியும் பஸ் சார்ஜும் தண்டம்.

வழக்கமாகச் சாப்பிடும் இதய மாத்திரை, சர்க்கரை மாத்திரைகளில் எதை நிறுத்துவது என்பதை டாக்டர் சொல்லவேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் சொல்லக்கூடாது! முதல்-அமைச்சரின் மருத்துவக் காப்பீட்டு அட்டை வைத்திருப்பவர்கள், இந்த ஸ்கேன் அதில் அடங்குமா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.

ஆபத்து உண்டா?

மண்ணில் இருந்தும் வானத்தில் இருந்தும் நம் எல்லோர் மீதும் இயற்கைக் கதிர்வீச்சு விழுகிறது. உலக சராசரி ஆண்டுக்கு 2.4 மில்லிசீவர்ட். டெக்னீசியம் ஸ்கேனின் இரண்டு படத்துக்கும் சேர்த்து சுமார் 10. அதாவது ஏறக்குறைய 4 ஆண்டு இயற்கைக் கதிர்வீச்சு. ஒருநாள் கழித்துப் பார்த்தால் 16-ல் ஒரு பங்குகூட உடம்பில் இருக்காது. நிறைய தண்ணீர் குடித்தால் சிறுநீரிலும் வெளியேறிவிடும்.

அதற்காக சும்மா சும்மா எடுக்கிற விஷயமும் அல்ல. கர்ப்பிணிகளும், பால் கொடுக்கும் தாய்மார்களும் முதலிலேயே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.

படமே தீர்ப்பு அல்ல

தூங்கும் தசை இருந்தால் உடனே ஆபரேஷன் என்றும் அர்த்தம் இல்லை. பலவீனமான இதயம் உள்ளவர்களிடம் நடத்தி, 2011-ல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், பைபாஸ் யாருக்கு அதிகம் பலன் தரும் என்பதை இந்தப் படத்தால் மட்டும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. 2022-ல் வெளியான இன்னொரு ஆய்வில், தூங்கும் தசை இருந்தவர்களுக்கு ஸ்டென்ட் வைத்தும், மருந்து மட்டும் சாப்பிட்டவர்களைவிட ஆயுள் கூடவில்லை. எனவே வயது, சர்க்கரை, அடைப்பின் இடம் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்துத்தான் டாக்டர்கள் முடிவு செய்வார்கள்.

முக்கியமான இன்னொன்று. நெஞ்சு வலிக்கும்போது தேடவேண்டியது இந்த ஸ்கேனை அல்ல. உடனே 108-ஐக் கூப்பிட்டு, பக்கத்து ஆஸ்பத்திரியில் ஈ.சி.ஜி. எடுக்கவேண்டும். அணு ஸ்கேன் எல்லாம் ஆபத்தைத் தாண்டிய பிறகுதான்.

அந்த நெசவாளி திரும்பவும் குழியில் இறங்கி மிதிக்கலாமா, அல்லது கொஞ்ச நாள் மகன் மிதிக்க, இவர் பக்கத்தில் உட்கார்ந்து ஜரிகை எடுத்துக் கொடுக்கலாமா? வீட்டில் இருப்பவர்கள் ஊகித்துச் சொல்லும் பதில் அல்ல இது. இதயத்தையே கேட்டுத் தெரிந்துகொள்ள ஒரு வழி இருக்கிறது. "அணு" என்ற ஒரு வார்த்தைக்காக அதை அடைத்துவிடாதீர்கள்!