பெட்டியை மாற்றினால் போதுமா?

பழைய ஜீப்பில் முன் சீட்டில் உட்கார்ந்து போனவர்கள் கவனித்திருப்பீர்கள். கியர் கம்பிக்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு குட்டிக் கம்பிகள் நிற்கும். பல டிரைவர்கள் அதை வருஷக்கணக்கில் தொடுவதே இல்லை. துண்டு காயப்போடத்தான் அது பயன்படுகிறது! அந்தக் கம்பிகளின் அடி முனையில் இருப்பதுதான் டிரான்ஸ்ஃபர் கேஸ். கியர் பாக்ஸிலிருந்து வரும் சுழற்சியை முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் பிரித்துக் கொடுப்பது அதன் வேலை. சேற்றில் மாட்டினால் 'லோ' என்று இன்னொரு குறைப்பும் கொடுக்கும்.

நம் பாடத்தில் அரைப் பக்கத்தில் இது முடிந்துவிடுகிறது. பட்டறையில் கேட்டாலோ, "பெட்டி போச்சா? வேற பெட்டி மாட்டிட்டா தீர்ந்துது" என்பார்கள். அப்படித் தீருமா என்பதுதான் இந்தக் கட்டுரை.

உதாரணத்துக்கு ஓர் அமெரிக்க வண்டியை எடுத்துக்கொள்கிறேன். உள்ளூர் ஜீப்பை விட்டுவிட்டு அங்கே ஏன் போகவேண்டும் என்று கேட்காதீர்கள், காரணம் இருக்கிறது. 1973 முதல் 1979 வரை வந்த ஷெவர்லே கே வரிசை நான்கு சக்கர இயக்க பிக்கப்பில் இரண்டு வகைப் பெட்டிகள் வந்தன. இரண்டையும் செய்தது நியூயார்க் மாநிலத்தின் சிரக்யூஸ் பகுதியில் இருந்த நியூ பிராசஸ் கியர் கம்பெனி. ஒரே வண்டி, ஒரே காலம், இரண்டு விதமான தத்துவம். லேபில் எக்ஸ்பெரிமென்ட் வைத்த மாதிரி!

ஒன்று என்.பி. 205. வார்ப்பிரும்புக் கூடு, உள்ளே முழுக்க கியர்கள். சாதாரண ரோட்டில் பின் சக்கரம் மட்டும் இழுக்கும். கம்பியைத் தள்ளினால் முன் சக்கரமும் சேரும். இன்னொன்று என்.பி. 203. இதில் சுழற்சி செயின் வழியாக முன்னே போகிறது. நான்கு சக்கரமும் எந்நேரமும் இழுக்கும். நடுவில் ஒரு டிஃபரன்ஷியலும் உண்டு.

நடுவில் எதற்கு டிஃபரன்ஷியல்? வண்டி வளைவில் திரும்பும்போது முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிட அதிக தூரம் போகின்றன. ஆகவே முன் ஷாஃப்ட் சற்று வேகமாகச் சுற்ற ஆசைப்படும். 205-ல் கம்பியைத் தள்ளிவிட்டால் இரண்டு ஷாஃப்ட்டும் ஒன்றாகக் கட்டிப்போட்ட மாதிரி. சேற்றில் சக்கரம் கொஞ்சம் வழுக்கிக் கணக்கை நேர் செய்துகொள்ளும். தார் ரோட்டில் வழுக்க முடியாது. முறுக்கு ஏறிக்கொண்டே போகும், கம்பி இறுகிவிடும், கடைசியில் கிராஸ் உடையும். 203-ல் அந்த டிஃபரன்ஷியல் வித்தியாசத்தை வாங்கிக்கொள்கிறது. வேண்டும்போது அதைப் பூட்டிக்கொள்ள 'லாக்' நிலையும் உண்டு.

கேட்பதற்கு 203 தானே புத்திசாலி? காலம் அதற்கு ஒத்துழைக்கவில்லை. 1973 அக்டோபரில் எண்ணெய் நெருக்கடி வந்தது. முன் ஷாஃப்ட், முன் கிரவுன், செயின் எல்லாம் எப்போதும் சுற்றினால் பெட்ரோல் சும்மாவா வரும்? போதாக்குறைக்கு, நல்ல ரோட்டிலும் 'லாக்' போட்டே ஓட்டியவர்களின் வண்டியில் செயின் தளர்ந்து பல் தாண்ட ஆரம்பித்தது. 1979 மாடலோடு ஷெவர்லே இதை நிறுத்திவிட்டது. வாங்கி வைத்திருந்தவர்கள் 203-ஐக் கழற்றி 205 மாட்டக் கிளம்பினார்கள்.

இதனால் இழுவை கூடும் என்று நினைத்துவிடாதீர்கள். லோவில் 203-ன் விகிதம் 2.01, 205-ன் விகிதம் 1.96. ஏறக்குறைய ஒன்றுதான். கிடைப்பது உறுதியும் சிக்கனமும் மட்டுமே, அதுவும் ஒழுங்காக மாட்டினால்!

இனி வேலைக்கு வருவோம். முதலில் ஸ்ப்ளைன் எண்ண வேண்டும். கியர் பாக்ஸிலிருந்து வெளிவரும் ஷாஃப்ட்டில் டர்போ 350 ஆட்டோமேட்டிக்குக்கு 27 பல், டர்போ 400-க்கு 32, அக்கால நான்கு வேக மேனுவலுக்கு 10. பெட்டியின் வாயும் அதே எண்ணிக்கையில் இருக்கவேண்டும். நடுவில் வரும் அடாப்டர் வார்ப்பும் ஒவ்வொன்றுக்கும் வேறு. இன்னொரு கூத்து, ஃபோர்டு வண்டியிலும் 205 வந்தது. ஆனால் அதில் முன் ஷாஃப்ட் இடப்பக்கம் இறங்கும், அந்த ஷெவர்லேயில் வலப்பக்கம். பெயரைப் பார்த்து வாங்கிவிட்டால் ஷாஃப்ட் ஒரு பக்கம், கிரவுன் மறுபக்கம்!

அடுத்தது நீளம். என் அபிப்பிராயத்தில் எல்லாவற்றிலும் முக்கியமானது இதுதான். 203-ல் முன்னால் ஹை-லோ கியர் பகுதி, அதற்குப் பின்னால்தான் செயின் அறை. எனவே அது நீளமான பெட்டி, முன் ஷாஃப்ட் புறப்படும் இடமும் பின்தள்ளி இருக்கும். குட்டையான 205-ஐ மாட்டினதும் பழைய முன் ஷாஃப்ட் நீளம் அதிகமாகிவிடும், பின் ஷாஃப்ட் எட்டாது. வெட்டி வெல்டிங் வைக்கிறார்கள். அப்போது இரண்டு முனை யோக்குகளும் ஒரே தளத்தில் நிற்கவேண்டும்.

தியரி ஆஃப் மெஷின்ஸில் படித்த ஹூக் இணைப்பை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். பரீட்சைக்குப் பிறகு மறந்த கணக்கு இங்கேதான் எதிரே வந்து நிற்கிறது. 10 டிகிரி கோணத்தில் ஷாஃப்ட் நிமிஷத்துக்கு 1500 சுற்று போனால், மறுமுனை 1477-க்கும் 1523-க்கும் இடையே ஊசலாடும், ஒரு சுற்றுக்கு இரண்டு தடவை. 20 டிகிரியில் அது 1410 முதல் 1596 வரை! ஒரு கிராஸ் செய்யும் ஊசலை மறு கிராஸ் சரிக்கட்ட வேண்டுமானால் இரு கோணமும் சமமாக, யோக்குகள் ஒரே தளத்தில் இருந்தாக வேண்டும். வெல்டிங்கில் சிறிது திரும்பினாலும் வண்டி உதறும். ஷாஃப்ட்டைக் குட்டையாக்கினால் அதே இறக்கத்துக்குக் கோணமும் கூடும் என்பதை மறக்கக்கூடாது.

எல்லாம் மாட்டியாச்சு, பெட்ரோல் மட்டும் மிச்சமாகவில்லை என்று புலம்புகிறவர்களும் உண்டு. 203 வண்டியில் முன் சக்கரத்தில் கழற்றிவிடும் ஹப் கிடையாது, சக்கரமும் அச்சும் நிரந்தரமாகச் சேர்ந்தவை. பெட்டி மட்டும் மாறினால் சக்கரமே முன் கிரவுனையும் ஷாஃப்ட்டையும் சுற்றிக்கொண்டிருக்கும். லாக்கிங் ஹப் போட்டால்தான் பலன். ஆயிலும் மாறும். 203-க்கு என்ஜின் ஆயில், 205-க்கு கெட்டியான கியர் ஆயில்.

கழற்றிய 203-ஐ அங்கே காயலான் கடைக்குப் போடுவதில்லை. அதன் முன்பாதி ஹை-லோ பகுதியை மட்டும் எடுத்து 205-க்கு முன்னால் சேர்க்கிறார்கள். 2.01-ஐ 1.96-ஆல் பெருக்கினால் 3.94. பாறையில் ஆமை மாதிரி ஏறலாம்.

205 பெட்டி 60 கிலோவுக்கு மேல். மார்பில் தாங்கி இறக்கலாம் என்று வீரம் காட்டவேண்டாம், டிரான்ஸ்மிஷன் ஜாக்கி வேண்டும். அதைவிடப் பெரிய ஆபத்து கண்ணுக்குத் தெரியாது. ஆட்டோமேட்டிக்கின் 'பார்க்' பூட்டு கியர் பாக்ஸுக்குள் இருக்கிறது. டிரான்ஸ்ஃபர் கேஸ் நியூட்ரலில் இருந்தால் அந்தப் பூட்டுக்கும் சக்கரத்துக்கும் சம்பந்தமே இல்லை, வண்டி உருளும்.

இதை நான் புத்தகத்தில் படிக்கவில்லை. இன்-பிளான்ட் டிரெயினிங்கில் ஒரு மலையடிவாரப் பட்டறை. பழைய ஜீப், லேசான சரிவு. ஹேண்ட் பிரேக் இழுத்து, முதல் கியரும் போட்டிருந்தது. "தம்பி, பின் ஷாஃப்ட் போல்ட்டை எடு" என்றார் மெக்கானிக் அண்ணன். அவர் கால்கள் முன் சக்கரத்துக்கு அருகே. கடைசி போல்ட்டை எடுத்தேன். வில்லிஸ் வழி வந்த அந்த ஜீப்பில் ஹேண்ட் பிரேக் டிரம் இருப்பது சக்கரத்தில் அல்ல, டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்முனையில்! ஷாஃப்ட் கழன்றதும் பிரேக்கும் கியரும் எதையும் பிடித்திருக்கவில்லை. வண்டி மெல்ல நகர்ந்தது. அண்ணன் காலை இழுத்துக்கொண்ட அடுத்த நொடி சக்கரம் அந்த இடத்தைக் கடந்து, டயர் குவியலில் முட்டி நின்றது.

அவர் திட்டவில்லை. தண்ணீர் குடித்துவிட்டு, மூலையில் கிடந்த இரண்டு மரக்கட்டைகளைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். "நான் வைக்கணும், மறந்துட்டேன். இனி நீ வை" என்றார். டிரெயினிங் முடியும்வரை அந்தப் பட்டறையில் சக்கரத்துக்குக் கட்டை வைத்தது நான்தான்.