இனாமும் ஊதியமும்

ஒருவர் செய்த பணியால் மனம் மகிழ்ந்து, பேசிய கூலிக்கு மேலாக மற்றொருவர் விரும்பி அளிக்கும் சிறுதொகையே இனாம் எனப்படும். இலங்கையில் இதற்கு வழங்கும் பெயர் ‘சந்தோசம்’ என்பதாகும். கொடுப்பவரின் மகிழ்ச்சியிலே பிறக்க வேண்டியது அது என்பதை அப்பெயரே உணர்த்துகின்றது. ஆனால், கொடுத்தே தீரவேண்டும் என்ற எதிர்பார்ப்பு அதனுடன் சேர்ந்துவிடுமாயின், அதனை இனாம் என்பதா, கூலி என்பதா?

மாத்தளை மாவட்டத்தில் இவ்வினா நாள்தோறும் எழுவதொன்றாகும். கண்டியிலிருந்து மாத்தளை வழியாகத் தம்புள்ளைக்குச் செல்லும் வீதியின் இருமருங்கும் வாசனைத் திரவியத் தோட்டங்கள் உள்ளன. அங்கே ஏலம், கறுவா, மிளகு, சாதிக்காய் முதலியவற்றைக் காட்டி விளக்கம் கூறுவோர், இறுதியில் சந்தோசம் எதிர்பார்ப்பதுண்டு. பயணிகளை அழைத்து வரும் சாரதிக்குத் தரகு கொடுக்கும் வழக்கமும் இத்தொழிலில் உண்டு; அத்தரகு பொருளின் விலையில் மறைந்து நிற்பது. சிகிரியாக் குன்றிலோ, கேளாமலே கைகொடுத்துப் படியேற்றிவிட்டுப் பின்னர் பணம் கேட்போரும் உளர்.

விடுதிகளில் இவ்வழக்கம் ஓர் ஒழுங்கிற்கு உட்பட்டுள்ளது. பெரிய விடுதிகள் பற்றுச்சீட்டிலேயே 10 வீதம் சேவைக் கட்டணமாகச் சேர்க்கின்றன. அத்தொகையைத் திரட்டி மாதந்தோறும் ஊழியர்க்குப் பகிர்வது வழக்கம். விருந்தினர் முகம் காணாத சமையற்காரரும் சலவைத் தொழிலாளியும் இதனாற் பங்கு பெறுகின்றனர். எனினும், விருந்தினர் வாராவிடின் இப்பங்கும் வாராது. 2019 ஏப்ரல் 21ஆம் நாள் நிகழ்ந்த குண்டுவெடிப்புகளும், 2020இல் பரவிய கொள்ளைநோயும், 2022இல் நேர்ந்த பொருளாதார நெருக்கடியும் பயணிகளின் வரவைக் குறைத்தபோது, அடிப்படைச் சம்பளம் சிறிதாகவும் பங்குத்தொகை பெரிதாகவும் இருந்த குடும்பங்களே முதலில் துன்புற்றன.

இனாமின் இயல்பை மிகத் தெளிவாகக் காட்டுவது சூதாட்ட விடுதியாகும். சீட்டுப் பகிர்பவருக்கு, வென்ற ஆட்டக்காரர் சில வில்லைகளை ஒதுக்கி வைப்பது பல நாடுகளின் வழக்கம். உணவு பரிமாறுவோர் இனாமுக்காக விரைந்து பரிமாறலாம். சீட்டுப் பகிர்பவரோ நேர்மையான ஆட்டத்தில் ஆட்டக்காரருக்கு வெற்றியைத் தேடித்தர இயலாது. இனாம் பெற்று ஆட்டத்தை மாற்றுவாராயின் அது இலஞ்சமும் மோசடியுமாகும். இக்காரணத்தாலேயே அவுஸ்திரேலியாவும் சிங்கப்பூரும் அதனைத் தடுத்துள்ளன. பிரித்தானியாவில் நெடுங்காலம் இருந்த தடை, 2005ஆம் ஆண்டின் சட்டம் 2007இல் நடைமுறைக்கு வந்தபின் நீங்கியது.

அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் நகரில் இவ்வழக்கம் நீதிமன்றம் வரை சென்றது. இனாம் நன்கொடையே, வருமானமன்று. ஆகவே வரி இல்லை என்று பகடையாட்ட மேசையில் பணியாற்றிய ஊழியர் ஒருவர் வாதித்தார். கீழ்நீதிமன்றம் அதனை ஏற்றது. ஆனால், மேன்முறையீட்டு நீதிமன்றம் 1976இல் அத்தீர்ப்பை மாற்றியது. ஆட்டக்காரர் கொடுப்பது பற்றற்ற ஈகையினாலன்று, அதிர்ஷ்டம் திரும்பி வரும் என்ற நம்பிக்கையினாலேயே. நாள்தோறும் திரட்டிச் சமமாகப் பங்கிடப்படுவதால் ஊழியர் அதனை எதிர்பார்க்கவும் இயலும். ஆதலின் அது ஊதியமே என்பது அத்தீர்ப்பின் சாரம்.

இத்தீர்ப்பு மாத்தளைக்கும் பொருந்தும் உண்மையொன்றைக் கொண்டுள்ளது. எதிர்பார்த்து வாழத்தக்கதாக ஒரு தொகை அமையுமாயின், அதன் பெயர் யாதாயினும் அது ஊதியமேயாகும். ஊதியமாயின் அதனைத் தரும் கடமை முதலாளிக்கு உரியது. வழிப்போக்கரின் மனநிலைக்கு அதனை விட்டுவிடுதல் தகாது. பயணியும் பற்றுச்சீட்டிற் சேவைக் கட்டணம் உள்ளதா என்பதைப் பார்த்தறிதல் வேண்டும். சேர்க்கப்பட்டிருப்பின், மேலும் கொடுப்பதும் கொடாமையும் அவரது விருப்பமே. சம்பளம் போதியதாக இருக்குமிடத்தில் ஊழியர் கையேந்த வேண்டுவதில்லை. பயணியும் கூச்சத்தினாற் கொடுக்க வேண்டுவதில்லை. அவ்விடத்திற் கொடுக்கப்படுவதே ‘சந்தோசம்’ என்னும் பெயருக்கு உரியதாகும்.