அழுத்தமின் உணரிகள்: படிகம் உணர்த்துவதும் உணர்த்தாததும்

எரிவாயு அடுப்பைப் பற்றவைக்கும் லைட்டர்களுள் ஒரு வகைக்கு மின்கலம் தேவையில்லை. அதன் பொத்தானை அழுத்தினால் 'டக்' என்னும் ஒலியுடன் ஒரு தீப்பொறி பறக்கிறது. விரலை எடுக்காமல் அழுத்திக்கொண்டே இருந்தாலும் இரண்டாவது பொறி எழுவதில்லை. உள்ளே இருப்பவை ஒரு சுருள்வில்லும் சிறு சுத்தியலும் ஒரு பீங்கான் துண்டும்தாம். சுத்தியல் பீங்கானை அடிக்கும் கணத்தில் பல்லாயிரம் வோல்ட்டு தோன்றிக் காற்றிடைவெளியைத் தாண்டுகிறது. அழுத்தம் நீடித்தாலும் பொறி ஏன் நீடிப்பதில்லை? இவ்வினாவிற்கு விடை கண்டுவிட்டால், அழுத்தமின் உணரிகளின் இயல்பு பெருமளவு விளங்கிவிடும்.

முதலில் சொல்லைப் பார்ப்போம். அழுத்துதல் என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லிலிருந்து 'பீசோ' பிறந்தது. ஆகவே 'அழுத்தமின் விளைவு' என்பது பொருத்தமான கலைச்சொல்லே. ஆயினும் அது மாணவர்க்கு இரண்டு இடர்களைத் தருகிறது. வோல்ட்டில் அளக்கப்படும் 'மின்னழுத்தம்' வேறு, 'அழுத்தமின்' வேறு. சொற்கள் இடம் மாறியதும் பொருளும் மாறிவிடுகிறது. மற்றோர் இடர் இதனினும் பெரிது. அழுத்தம் இருக்கும்வரை மின் கிடைத்துக்கொண்டே இருக்கும் என்னும் எண்ணத்தை அச்சொல் விதைத்துவிடுகிறது.

இவ்விளைவை 1880இல் கண்டறிந்தவர்கள் பிரான்சு நாட்டின் ழாக் கியூரி, பியேர் கியூரி என்னும் உடன்பிறந்தோர். அவர்களை இவ்வாய்விற்கு இட்டுச்சென்றது, வெப்பத்தால் சில படிகங்களில் மின் தோன்றும் விளைவு. அதற்குப் பெயர்பெற்ற கல் டூர்மலின். 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டச்சு வணிகர்கள் இலங்கையிலிருந்து அதனைக் கொண்டு சென்றனர். சூடேற்றினால் சாம்பலை ஈர்க்கும் கல் என வியந்தனர். அதன் பெயரே 'தோரமல்லி' என்னும் சிங்களச் சொல்லின் திரிபு. வெப்பம் செய்வதை அழுத்தமும் செய்யுமா என்று கியூரி உடன்பிறந்தோர் வினவினர். டூர்மலின், குவார்ட்சு, புட்பராகம் ஆகியவற்றோடு கரும்புச் சர்க்கரைப் படிகத்தையும் சோதித்தனர். எல்லாவற்றிலும் விளைவு தென்பட்டது.

சர்க்கரையில் தோன்றுவது உப்பில் தோன்றாதது ஏன்? விடை படிகத்தின் சமச்சீரில் உள்ளது. குவார்ட்சில் சிலிக்கான் நேர்மின் தன்மையும் ஆக்சிஜன் எதிர்மின் தன்மையும் உடையன. எளிமை கருதி, அவை ஓர் அறுகோணத்தின் முனைகளில் மாறி மாறி அமர்ந்திருப்பதாகக் கொள்வோம். அழுத்தாத நிலையில் நேர்மின்களின் மையமும் எதிர்மின்களின் மையமும் ஒரே புள்ளியில் பொருந்துகின்றன. மேலும் கீழுமாக நெருக்கினால் அறுகோணம் உருக்குலைந்து இரு மையங்களும் விலகுகின்றன. அவ்விலகலே படிகத்தின் ஒருபுறம் நேர்மின்னாகவும் மறுபுறம் எதிர்மின்னாகவும் வெளிப்படுகிறது. உப்புப் படிகத்திலோ ஒவ்வோர் அயனிக்கும் இருமருங்கும் ஒத்த அயனிகள் ஒரே தொலைவில் நிற்கின்றன. எவ்வளவு நெருக்கினாலும் மையங்கள் பிரிவதில்லை.

பிறக்கும் மின்னூட்டமோ மிகச் சிறிது. உரிய திசையில் வெட்டிய குவார்ட்சுத் தகட்டின்மேல் ஒரு கிலோகிராம் எடையை வைத்தால் கிடைப்பது ஏறத்தாழ 22 பிக்கோகூலும், அதாவது சுமார் 14 கோடி எலெக்ட்ரான்களின் மின்னூட்டம். கேட்பதற்குப் பெரிய எண்தான். ஆனால் ஓர் ஆம்பியர் மின்னோட்டத்தில் ஒவ்வொரு நொடியும் கடந்துசெல்லும் எலெக்ட்ரான்கள் 6 என்னும் எண்ணை அடுத்துப் பதினெட்டுச் சுழிகள் இட்டால் வரும் அளவின. இச்சிறு மின்னூட்டம் தகட்டின் வழியாகவும் இணைப்புக் கம்பிகளின் வழியாகவும் கசிந்துவிடுகிறது. எடை அங்கேயே இருக்கும், மின் இராது. புதிய மின் தோன்ற வேண்டுமானால் அழுத்தம் மாறியாக வேண்டும்.

இதனாலேயே நாம் ஏறி நிற்கும் மின்னணு எடைக் கருவியில் பொதுவாக அழுத்தமின் படிகம் இடம்பெறுவதில்லை. அங்கே பயன்படுவது திரிபுமானி. வெளியிலிருந்து மின்னோட்டத்தைப் பெறும் மெல்லிய உலோக இழை அது. வளையும்போது அதன் மின்தடை மாறுகிறது, வளைந்திருக்கும்வரை மாறியபடியே நிற்கிறது. அழுத்தமின் உணரிக்கு ஏற்ற வேலை அதிர்வும் அதிர்ச்சியும். மகிழுந்துப் பொறியில் எரிபொருள் முறைகேடாக வெடித்தால் உலோகத்தில் ஒரு தட்டொலி பரவும். பொறியின் உடலில் திருகப்பட்ட அழுத்தமின் உணரி அதனைக் கேட்டுச் சொல்ல, பொறிக் கணினி தீப்பொறியின் நேரத்தைச் சற்றே பின்தள்ளுகிறது. வீணையின் மரப்பலகையில் ஒட்டப்படும் தொடுகை ஒலிவாங்கியும் இவ்வினத்ததே. காற்றின் ஒலியை விடுத்து மரத்தின் அதிர்வையே அது எடுத்துக்கொள்வதால், அரங்கின் இரைச்சல் அதனுள் அதிகம் புகுவதில்லை. நாதம் சற்று வறண்டு ஒலிக்கிறது என்று இசைவாணர் குறைகூறுவதும் இதே காரணத்தால்தான்.

அழுத்தினால் மின் பிறப்பதுபோல், மின் செலுத்தினால் படிகம் உருமாற வேண்டும் என 1881இல் லிப்மன் கணக்கிட்டுக் கூறினார். கியூரி உடன்பிறந்தோர் அதே ஆண்டில் அதனை மெய்ப்பித்தனர். மருத்துவமனையின் மீயொலிக் கருவி இவ்விரு விளைவுகளையும் ஒருங்கே ஆள்கிறது. கருவியின் முனையிலுள்ள பீங்கான் வில்லை மின் துடிப்பால் நடுங்கி ஒலியை அனுப்புகிறது. பின் அமைதியாகி, திரும்பிவரும் எதிரொலியால் தான் நெருக்கப்படும்போது மின்னைத் தருகிறது. மென்திசுவில் ஒலி நொடிக்குச் சுமார் 1,540 மீட்டர் செல்வதால், ஒரு சென்டிமீட்டர் ஆழத்திலிருந்து எதிரொலி வர ஏறத்தாழ 13 மைக்ரோநொடி ஆகிறது. இந்நேரங்களை அளந்தே கருவிலுள்ள குழந்தையின் உருவம் வரையப்படுகிறது.

இவ்வில்லைகளுக்குப் பெரிதும் பயன்படும் ஈய சிர்கோனேட் டைட்டனேட் பீங்கான், குவார்ட்சைவிட நூறு மடங்குக்கும் மேலாக மின்னூட்டம் தரவல்லது. ஆனால் அதில் நச்சுத்தன்மையுள்ள ஈயம் இருக்கிறது. மிகுதியாகச் சூடேறினால் அழுத்தமின் தன்மையையும் இழந்துவிடுகிறது. குவார்ட்சு வலுக்குறைந்ததாயினும் நிலையானது. எனவே நுண்ணளவையில் அதன் இடம் இன்னும் பறிபோகவில்லை.

வகுப்பறையில் இதனைக் காட்ட விரும்புவோர், மின்னணுக் கடைகளில் கிடைக்கும் மலிவான அழுத்தமின் ஒலிப்பான் வில்லை ஒன்றை வோல்ட்டுமானியுடன் இணைக்கலாம். விரலால் அழுத்தினால் எண்கள் ஒரு கணம் ஏறிச் சுழியத்திற்கு இறங்கும். அழுத்தியபடியே காத்திருந்தால் சுழியமே நிற்கும். பின் விரலை எடுத்தால் எண்கள் மீண்டும் எழும், இம்முறை எதிர்க்குறியுடன்.